வேலைக்காரத் தேனீயின் முட்டை

வேலைக்காரத் தேனீ மலடு அல்ல. அதற்கும் சூலகம் உண்டு. ஆண் தேனீயோடு கூடத்தான் அதனால் இயலாது. தேனீ இனத்தில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். ஆகவே வேலைக்காரத் தேனீ முட்டையிட்டால் ஆண் குஞ்சுதான் பிறக்கும். ஆனாலும் ராணி இருக்கும் ஐரோப்பியத் தேனீக் கூட்டில், ஏறக்குறைய பத்தாயிரம் வேலைக்காரத் தேனீக்களில் ஒன்றின் சூலகத்தில்தான் முட்டை முதிர்கிறது.

மற்றவற்றை அடக்கி வைப்பது வாசனை. ராணியின் தாடைச் சுரப்பியிலிருந்து ஒரு பொருள் கசிகிறது. ராணியை நக்கும் பணிப்பெண்கள் வழியே அது கூடு முழுவதும் பரவுகிறது. அறைகளில் வளரும் புழுக்களும் இதே வேலையைச் செய்யும் வாசனையை வெளியிடுகின்றன.

வாசனைக்கு அடங்காமல் முட்டையிடும் தேனீக்களும் உண்டு. அந்த முட்டைகளை மற்ற வேலைக்காரத் தேனீக்கள் தேடித் தின்றுவிடுகின்றன. 1989-இல் ராட்னீக்ஸ், விஷர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ராணி இட்ட ஆண் முட்டைகளையும் வேலைக்காரத் தேனீக்கள் இட்டவற்றையும் ஒரே கூட்டில் வைத்தார்கள். மறுநாள் ராணியின் முட்டைகளில் பாதிக்கு மேல் இருந்தன. மற்றவற்றில் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

சொந்தச் சகோதரியின் முட்டையையே தின்பது ஏன்? உறவுக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு கூடுவதால், கூட்டில் பெரும்பாலோருக்குத் தாய் ஒன்று, தந்தை வேறு. வேலைக்காரத் தேனீக்குத் தன் மகன் அரைப் பங்கு உறவு, ராணி பெற்ற தம்பி கால் பங்கு, தந்தை வேறான சகோதரியின் மகன் அரைக்கால் பங்குதான். தனக்கு மகன் வேண்டும், அடுத்தவளுக்கு வேண்டாம் என்று ஒவ்வொன்றும் நடந்துகொள்வதால், கடைசியில் எவருக்கும் மகன் தேறுவதில்லை. ராணியின் ஆட்சி என்று இதைச் சொல்வது பாதிதான் சரி. காவல் காப்பது உடன்பிறந்தாரே.

ராணி இறந்து, புழுக்களும் இல்லாமல் போனால் காவல் தளர்கிறது. சில வாரங்களில் வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கும். மார்த்தாண்டத்தில் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீயில் இது இன்னும் விரைவாக நடக்கும். அடையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடையாளம் தெரியும். ராணி அறைக்கு ஒரு முட்டையை அடி நடுவில் நிறுத்தி வைக்கும். வேலைக்காரத் தேனீயின் வயிறு குட்டை, அடிவரை எட்டாது. எனவே முட்டைகள் அறைச் சுவரில் இரண்டு மூன்றாக ஒட்டியிருக்கும். பிறகு அந்தச் சிறிய அறைகளின் மூடிகள் குமிழ்போல உப்பும். உள்ளே இருப்பவை எல்லாம் ஆண்கள். உழைக்கப் புதுத் தலைமுறை இல்லாமல் கூடு அழியும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் தேனீ இந்த விதிக்கு விலக்கு. அதன் வேலைக்காரத் தேனீ, ஆண் துணையின்றியே பெண் குஞ்சுகளைப் பெறும். 1990-இல் இவற்றை வடக்கே கொண்டுபோனபோது, அங்கிருந்த வேறு வகைத் தேனீக்களின் கூடுகளில் புகுந்து முட்டையிட்டுப் பெருகின. பிறந்த குஞ்சுகள் உழைக்கவில்லை. வளர்ப்போரின் பெட்டிகள் ஏராளமாகக் காலியாயின.