சட்டசபை யாருடைய சபை?

(செம்பரம்பாக்கம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சட்டசபையைப்பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நம் ஜனங்களில் பலர் அதை ஒரு கோயிலாகவும், மெம்பர்களை உற்சவமூர்த்திகளாகவும் எண்ணியிருக்கிறார்கள். எப்போதாவது ஒருமுறை வீதிக்கு வருகிற விஷயத்தில் பொருத்தம் சரிதான். (சிரிப்பு)

சமாசாரம் அதுவல்ல. நம் சட்டசபைக்கு 234 ஸ்தானங்கள். அவற்றில் ஷெட்யூல்டு வகுப்பாருக்கு 44, பழங்குடியாருக்கு 2 தனித்தொகுதிகள். பக்கத்திலுள்ள பூந்தமல்லியும் ஸ்ரீபெரும்புதூரும் அப்படிப்பட்டவையே. மேல்சபை 1986-லேயே எடுபட்டுப் போயிற்று. பெண்களோ, ஜனத்தொகையில் சரிபாதி. 2021 தேர்தலில் உள்ளே போனவர்கள் 12 பேர்தான். ஆண்கள் வெட்கப்பட வேண்டிய கணக்கு இது.

1920-ல் சொத்தும் வரியும் உள்ள ஆணுக்கே ஓட்டு. பெண்ணுக்கு ஓட்டு வந்தது சென்னைச் சட்டசபை 1921-ல் செய்த தீர்மானத்தால். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் தேர்தல் 1952-ல்தான்.

அந்தச் சபைக்கு வேலை என்ன? சட்டம் செய்வது, சர்க்கார் செலவுக்குப் பணம் அனுமதிப்பது, மந்திரிகளைக் கேள்வி கேட்பது. சபையின் நம்பிக்கை போனால் மந்திரிசபையும் போகவேண்டியதே.

இங்கே ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைவேலை செய்யும் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். 2023 ஏப்ரல் 21-ந் தேதி, ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணிநேரம் வரை வேலை வாங்க இடங்கொடுக்கும் மசோதா அச்சபையில் குரல் ஓட்டில் நிறைவேறிற்று. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. வாரத்துக்கு 48 மணிதான், நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு, இஷ்டப்பட்டவருக்கு மாத்திரம் என்று மந்திரிகள் சமாதானம் சொன்னார்கள். நான் கேட்கிறேன்: ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவன், ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று சொல்லிவிட்டு மறுநாள் கேட்டுக்குள் நுழைய முடியுமா? (‘முடியாது’ என்ற குரல்கள்)

வேலைநேரம் பிரமன் நம் தலையில் எழுதியதல்ல, தோழர்களே! காகிதத்தில் மனிதன் எழுதியது. தொழிற்சங்கங்கள் கிளம்பின, மூன்றாம் நாளே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது, மே முதல் தேதி, அது வாபஸ் பெறப்பட்டதாக முதல் மந்திரியே அறிவித்தார். எந்தச் சாமிக்கும் இதற்காக யாரும் தேங்காய் உடைக்கவில்லை. அதே சபைதான் 2021-ல், கடைகளில் நாளெல்லாம் நின்று கால்வீங்கும் சிப்பந்திகளுக்கு உட்கார இடந்தர வேண்டுமென்றும் சட்டஞ்செய்தது.

நேரமாகிவிட்டது. சந்தேகமுள்ளவர்கள் எழுந்து கேட்கலாம். முதலில் தாய்மார்கள் கேட்கட்டும்.