பழைய பகடையும் புதிய கையும்

(சங்க உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பொழுதுபோக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு கதை விளையாட்டை எடுத்துக்கொண்டேன். பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேள்விப்படாத மாமா, மாமிகளுக்காக நாலு வரி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "எதிரே பூட்டிய கதவு, உள்ளே யாரோ முனகுகிறார்கள், என்ன செய்யப்போகிறாய்?" என்று அவர் கேட்பார். நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். நம் வீட்டுத் தாயக்கட்டைக்கு நாலு பக்கம். இதில் இருபது பக்கப் பகடை உண்டு. கட்டம் போட்ட பலகை இல்லாமலே ஆடலாம். ஜெயித்தவர், தோற்றவர் என்பதும் கிடையாது.

1974-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் இது வெளியாயிற்று. ஆக்கியவர்கள் இருவர். கேரி கைகாக்ஸ் முன்பு இன்ஷூரன்ஸ் உத்தியோகம் பார்த்தவர். மற்றவர் மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன். முதல் அச்சு 1,000 பிரதிகள், விலை 10 டாலர். 2024-இல் ஐம்பது வயது பூர்த்தியாயிற்று. ஐம்பது வருஷம் ஆன எதிலும் 'அந்தக் காலத்தில்' என்று ஆரம்பிக்கும் ஒரு கோஷ்டி உண்டாகிவிடும். இங்கேயும் உண்டு. நானும் அதில் ஓர் அங்கத்தினர்தான்.

எங்கள் கோஷ்டிக்குப் பெருமைகள் பல. 1979-இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது, பெட்டியில் பகடைக்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து விற்றார்கள். பிறகு வந்த பகடைகளில் எண்கள் கண்ணுக்குத் தெரியாது. கூடவே ஒரு கிரேயான் கொடுப்பார்கள், நாமே தேய்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் 'தாக்கோ' என்ற கணக்கு. அதில் கவசம் உறுதியாக உறுதியாக எண் குறையும். கவசமே இல்லாதவனுக்கு 10. தகட்டுக் கவசமும் கேடயமும் தரித்தவனுக்கு 2. இன்னும் போனால் பூஜ்யம், மைனஸ். நம் எண்ணிலிருந்து எதிரியின் எண்ணைக் கழித்து, வந்த விடைக்குக் குறையாமல் பகடை விழ வேண்டும். மைனஸைக் கழித்தால் கூட்டலாகிவிடும்! 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் திருப்பிப் போட்டு, நல்ல கவசத்துக்குப் பெரிய எண் என்று சுலபமாக்கியது. கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். இருந்தும் தாக்கோவுக்காகக் கண்ணீர் விடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் துக்கம் இல்லை.

வேறொரு விஷயத்தில் பழையவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அப்போது பாத்திரத்தின் தாளில் நீளமான திறமைப் பட்டியல் இராது. பத்தடிக் கழியால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன், திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டுக் கேட்டுத்தான் முன்னேற வேண்டும். இப்போது பலர் தாளைப் பார்த்து, "கவனிப்புக்கு ஒரு பகடை போடட்டுமா?" என்கிறார்கள். பகடை விழுகிறது, பொறி தெரிகிறது. அவ்வளவுதான்.

2015-க்குப் பிறகு புதியவர்கள் திரளாக வந்தார்கள். நடிகர்கள் ஆடுவதை நேரலையில் காட்டிய 'கிரிட்டிக்கல் ரோல்' ஒரு காரணம். 2016-இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் இன்னொன்று. நடிகர்களைப் போலக் குரல் மாற்றிப் பேச வேண்டுமோ என்று கூச்சப்பட்டுக்கொண்டேதான் பலர் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணை நான் ஒரு மேஜையில் பார்த்தேன். நான் அன்று வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன். கதையில் ட்ரால் என்ற பச்சைப் பூதம் வந்தது. அவள் பாத்திரம் அதை வெட்டி வீழ்த்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். கதை நடத்துபவர் குரலைத் தாழ்த்தி, "விழுந்த உடம்பில் காயங்கள் தானாக மூடுகின்றன" என்றார். அவள் கண் அகல விரிந்தது. வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த பழைய ஆட்டக்காரர், "தீ வை, தீ வைத்தால்தான் சாகும்" என்று சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவள் தீ வைத்தாள். பூதம் செத்தது. அதன் பிறகு அன்று முழுவதும், என்ன செய்யலாம் என்று அவரைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அந்தப் பெரியவர் ஏங்குவது எதற்கு? அவர் முதன்முதலில் வீழ்த்திய ட்ரால் எழுந்து நின்றபோது அவருக்கு வந்த பயத்துக்கு. அது அவருக்கு இனி வராது, தெரிந்தது தெரிந்ததுதான். ஆனால் பக்கத்து நாற்காலியில் அது ஒருத்திக்கு வரவிருந்தது. அரை நிமிஷம் சும்மா இருந்திருந்தால் அவரும் கூடவே அனுபவித்திருப்பார்.

புதியவர்களால் பழமை அழிகிறது என்ற புகாருக்கும் சரித்திரம் வேறு பதில் சொல்கிறது. மூன்றாம் பதிப்போடு, யாரும் எடுத்து ஆளலாம் என்று ஒரு பொது உரிமம் கொடுத்தார்கள். அந்தப் புதிய உரிமத்தை வைத்துத்தான் 2006-இல் 'ஆஸ்ரிக்' என்ற பெயரில் பழைய முதல் பதிப்பின் விதிகளை ரசிகர்கள் மறுபடி எழுதி வெளியிட்டார்கள். 2023 ஜனவரியில் அந்த உரிமத்தைக் கம்பெனி இறுக்க முயன்றபோது பழையவர்களும் புதியவர்களும் சேர்ந்தே கூச்சல் போட்டார்கள். கம்பெனி பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது.

டிபனுக்குப் பிறகு பின் ஹாலில் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். ஆறு நாற்காலி, மூன்று புதியவர்களுக்கு என்று எழுதி வைத்திருக்கிறது. மாமிகளும் வரலாம். பழைய ஆட்டக்காரர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம்: யாராவது கேட்டாலொழிய வாயைத் திறக்காதீர்கள். ட்ரால் ரகசியத்தை நானே இப்போது சபையில் போட்டு உடைத்துவிட்டேன். ஆகவே இன்று வேறொரு பிராணி வரும். அதன் பெயரைச் சொல்லமாட்டேன்.