எதிரிக்காக எழுந்து நிற்பவர்
(மாவடிப்பள்ளியில் ஆற்றப்பெற்ற உரை)



“கொலைகாரனுக்காகவும் வாதாடுகிறாரே, இவருக்கு மனச்சாட்சி இல்லையா?” என்று சட்டத்தரணியைப் பற்றி நாம் கேட்பதுண்டு. நம் வீட்டுப் பிள்ளை பொலிஸ் நிலையத்தில் கிடக்கும் இரவில் மட்டும் அக்கேள்வி நமக்கு எழுவதில்லை.

1951 அக்டோபர் 9ஆம் நாள் கொழும்பு பம்பலப்பிட்டியில், புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் மனைவி கொலையுண்டு கிடந்தார். கணவரே செய்தார் என்பது வழக்கு. வீட்டு வேலைக்காரப் பையன் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியானான். எதிரிக்காக எழுந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவரோடு நமக்குத் தீராத வழக்கொன்று உண்டு. சோல்பரி யாப்பில் சிறுபான்மையோருக்கு அரணாயிருந்த 29ஆம் பிரிவு, அவர் அமைச்சராயிருந்து ஆக்கிய 1972ஆம் ஆண்டு யாப்பில் இல்லாதொழிந்தது. அது நிற்க. படுக்கையறையில் கொலை நடந்ததென்றான் பையன். இறந்தவரின் உள்ளங்காலில் ஒட்டியிருந்த அழுக்கோ, அவர் சமையலறையில் தாக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பிற்று. உயிர் பிரிந்த நேரத்தைப் பற்றியும் வாதம் நீண்டது. எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வந்து எதிரி தரப்பில் சாட்சியமளித்தார். 57 நாள் விசாரணையின் பின், 1953 யூன் 25ஆம் நாள் யூரிமார் ஒருமனதாக விடுதலையளித்தனர். கண்ணீரால் வென்ற வழக்கன்று அது.

நம் வட்டைகளில் நடப்பதென்ன? வாய்க்கால் நீருக்காக வரம்பில் மண்வெட்டி ஓங்கப்படுகிறது. வட்டைவிதானையால் தீராத பிணக்கு பொலிசுக்குப் போகிறது. கிழக்கின் நிருவாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழே என்று 1988இல் 16ஆம் திருத்தம் விதித்திருந்தும், வாசிக்கவியலாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் ஒப்பமிட்டுவிட்டு, மறுநாள்தான் சட்டத்தரணியைத் தேடி ஓடுகிறோம்.

சாதாரண சட்டத்தின்படி, பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதல் எதிரிக்கு எதிரான சாட்சியமாகாது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவி அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத பொலிஸ் அதிகாரியிடம் அளித்ததையும் ஏற்க வழிவகுத்தது. அச்சட்டத்தின்கீழ் 2020 ஏப்ரலில் கைதானவர்களுள் ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் என்னும் சட்டத்தரணியும் ஒருவர். அவருக்குப் பிணை கிடைத்தது 2022 பெப்ரவரியிலேதான்! பிறருக்காக எழுந்து நின்றவருக்கே இந்தக் கதி.

ஆகவே, கைதான நேரத்தைக் குறித்து வைப்பீர்களாக. சாதாரண வழக்கில் 24 மணி நேரத்துள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். கட்டணம் கொடுக்க வழியற்றோர், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஒரு முழ வரம்புக்காக ஏக்கர் வயலை ஈடுவைத்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.