பூசல் என்றொரு சொல்



ஆங்கிலத்தில் கூச்சலோடு கூடிய சண்டையை 'ஃபிராக்கா' என்பார்கள். இது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் மூலம் இத்தாலிய மொழி. அங்கே அதற்கு நொறுக்குவது, தடதடவென உடைவது என்று பொருள். அந்த உடையும் ஓசைதான் பின்னால் சண்டைக்குப் பெயரானது.

நம் தமிழிலும் இப்படி ஒரு சொல் உண்டு: பூசல். பழந்தமிழில் அதற்குப் பேரொலி, போர் என இரண்டு பொருளும் உண்டு. தொல்காப்பியம் ஆநிரை எனும் மாட்டு மந்தையைக் கவர்தலை 'ஆகோள்' என்றும், மீட்க வருவோரைப் பொருது விலக்குவதைப் 'பூசல் மாற்று' என்றும் சொல்கிறது.

அந்தப் பூசல்களின் சாட்சியை இன்றும் ஜவ்வாது மலைப் பக்கம் பார்க்கலாம். மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளம். மாட்டு மந்தையை அவை 'தொறு' என்கின்றன. தொறுவை மீட்கப் போராடி விழுந்த வீரர்களின் பெயர்கள் அவற்றில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. இந்தப் பகுதி மக்கள் பல நடுகற்களை வேடியப்பன் என்று வணங்குகிறார்கள்.

இன்று குடும்பப் பூசல், உட்கட்சிப் பூசல் என்கிறோம். சொல்லில் ஓசை போய்விட்டது, சண்டை மட்டும் நிற்கிறது.

உங்கள் ஊர் வயலோரத்தில் எழுத்துள்ள கல் கிடந்தால், அதைத் துணி துவைக்கும் கல்லாக்கிவிடாதீர்கள். ஊரைக் காத்தவனின் பெயர் அதில் இருக்கலாம்.