கதவைச் சாத்தலாம், ஆணி அடிக்கலாமா?

நடுவர் அவர்களே! எதிரணியில் கோபத்தோடும், எங்கள் அணியில் குணத்தோடும் அமர்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) 

தொழிலில் தவறு செய்தவரை மறுபடி அந்தத் தொழிலில் சேர்க்கலாமா, கூடாதா? 'சேர்க்கலாம்' என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய அம்மா, டாக்டர் ஷிப்மன் கதையைச் சொல்லி சபையையே நடுங்க வைத்துவிட்டார்கள். இங்கிலாந்து டாக்டர். பெதிடின் என்ற போதை தரும் மருந்துக்காகப் பொய்ச் சீட்டு எழுதி, 1976-இல் 600 பவுண்டு அபராதம் கட்டியவர். அவரை மறுபடி டாக்டராக உட்கார விட்டார்கள். 2000-இல் 15 கொலைகளுக்காகத் தண்டனை பெற்றார். பிறகு நடந்த விசாரணையில், 215 நோயாளிகளைக் கொன்றிருக்கிறார் என்று தெரிந்தது. "பாருங்க, மன்னிச்சதோட பலனை!" என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள்.

ஆனா அம்மா பாதிக் கதையில நிறுத்திட்டாங்க. 1976-இல் பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் அந்த மனிதரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்ததா? இல்லை. மனநல மருத்துவர்களின் அறிக்கையைப் படித்தார்கள். ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். கோப்பை மூடிவிட்டார்கள். அந்த வகை மருந்துகளை எழுதுகிற உரிமையையாவது பறித்தார்களா? அதுவும் இல்லை. அடுத்த வருஷமே ஹைட் என்ற ஊரில் குடும்ப டாக்டர் ஆகிவிட்டார். அங்கே அவர் கொலைக்குப் பயன்படுத்தியது பெரும்பாலும் டயாமார்ஃபின். அதுவும் போதை மருந்துதான்! இதுக்குப் பேரு மறுவாய்ப்பா? சந்தையில மாடு வாங்கறவன்கூடப் பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான்யா வாங்குறான்! (கைதட்டல்)

இப்போ இன்னொரு டாக்டரைச் சொல்றேன். அதே இங்கிலாந்து. லெஸ்டர் நகரம். 2011. ஹதீஸா பாவா-கார்பா என்ற பயிற்சி மருத்துவர். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி இறந்துவிட்டது. அவர் நோயைக் கணிக்கத் தவறினார்; அது உண்மை. அவர் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருந்தார், பொறுப்பு மருத்துவர் காலையில் இல்லை, கம்ப்யூட்டர் பழுதாகி ரத்தப் பரிசோதனை முடிவுகள் தாமதமாயின. இதுவும் உண்மை. 2015-இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2017-இல் மருத்துவத் தீர்ப்பாயம் ஒரு வருஷத் தடை போதும் என்றது. கவுன்சிலுக்கு அது போதவில்லை. உயர் நீதிமன்றம் போய், 2018 ஜனவரியில் பதிவேட்டிலிருந்தே பெயரை அடித்துவிட்டார்கள். ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, தடை மட்டும் போதும் என்றது.

சொந்த போதைக்காகத் தெரிந்தே பொய் எழுதியவருக்கு ஒரு கடிதம். நெருக்கடியில் தவறு செய்தவருக்கு ஆயுளுக்கும் வீடு! நம்ம வீட்டுலயே பார்த்திருப்பீங்க. சில ஆம்பளைங்க சாம்பாருக்கு வேணும்னே ரெண்டு தடவை உப்புப் போடுவாங்க. அடுப்படிப் பக்கமே வராதீங்கன்னு ஆயுள் தடை கிடைக்கணுமே! (சிரிப்பு) தெரிஞ்சு போட்ட உப்பு வேற, தெரியாம விழுந்த உப்பு வேற. வீட்டம்மாவுக்கு இது தெரியுது.

"பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு என்ன பதில்?" என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. அந்தத் தாயிடம் போய் மன்னியுங்கள் என்று சொல்கிற உரிமை எனக்கும் இல்லை, எந்தக் குழுவுக்கும் இல்லை. மன்னிப்பு அவருடைய சொத்து. குழு பார்க்க வேண்டியது வேறு: அடுத்த பிள்ளையை இந்தக் கையில் கொடுக்கலாமா? அழுதாரா, எத்தனை வருஷம் ஆச்சு என்பதெல்லாம் அதற்குப் பதில் ஆகாது.

வருஷக் கணக்கு என்றதும் நம் நாட்டு 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் ஞாபகம் வருகிறது. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. ஆனால் விடுதலையாகி இரண்டு வருஷம் கழிந்தால் அந்தத் தடை நீங்கிவிடும். காலண்டர் கிழிச்சாப் போதுமாய்யா? ஆள் மாறினானா என்று யார் பார்ப்பது?

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' 51-ஆவது அதிகாரம். தெரிந்து என்றால் ஆராய்ந்து. தெளிதல் என்றால் நம்புதல். அடுத்த அதிகாரம் 'தெரிந்து வினையாடல்'. ஆராய்ந்து வேலையைக் கொடுப்பது. வரிசையைக் கவனியுங்கள். ஆராய்ச்சி, நம்பிக்கை, பிறகுதான் வேலை. லெஸ்டர் டாக்டருக்கு அதுதான் நடந்தது. 2019-இல் தீர்ப்பாயம் அவரை மறுபடி விசாரித்து, மேற்பார்வையோடும் நிபந்தனைகளோடும் வேலைக்குத் திரும்பலாம் என்றது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வருகிற தம்பி ஷிப்மனை மறுபடி கூட்டி வரட்டும். ஆனால் 1976-இல் அவரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்ட மருத்துவக் குழு எது என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். (கைதட்டல்)