கூலி குறைந்தால் தொழில் வளருமா? திருப்பூர் காட்டும் கணக்கு

(பனியன், பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



கூலி உயர்வு கேட்டு நாம் போகும்போதெல்லாம் கம்பெனிக்காரர்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது. "கூலியை ஏற்றினால் ஆர்டர் வங்க தேசத்துக்கு ஓடிவிடும், வியட்நாமுக்கு ஓடிவிடும். அப்புறம் உனக்கும் வேலை இல்லை, எனக்கும் தொழில் இல்லை" என்பதே அந்தப் பதில். பேச்சு வார்த்தை மேஜையில் இதைச் சொல்கிறார்கள். பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். நம் தோழர்களிலேயே சிலர் இதை நம்பி, டீக்கடையில் உட்கார்ந்து திருப்பிச் சொல்கிறார்கள்.

ஆகவே இன்று நாம் கோஷம் போட வரவில்லை. ஒரு கேள்வியை நிதானமாகப் பரிசீலிக்க வந்திருக்கிறோம். ஒரு தொழில், ஒரு ஊர், ஒரு தேசம் எதனால் வளர்கிறது? வெளிநாட்டுச் சந்தை எதனால் கிடைக்கிறது, எதனால் போகிறது? இதை ஊகத்தால் சொல்லாமல், விவரம் திரட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நம் கட்சிக்காரர்கள் அல்ல. அவர்கள் எல்லா முடிவுகளையும் நாம் ஏற்பதும் இல்லை. ஆனால் அவர்கள் கண்ட உண்மைகள் நமக்குப் பயன்படும். அதிலும் நம் திருப்பூரையே ஆராய்ந்தவர்கள் சிலர் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

வளர்ச்சியை அளந்தவர்கள்

அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ராபர்ட் சோலோ 1957-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்யும் உற்பத்தி இரண்டு மடங்காயிற்று. இதில் இயந்திரமும் கட்டிடமும் பெருகியதால் வந்தது எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்த்தார். எட்டில் ஒரு பங்குதான் வந்தது! மீதி ஏழு பங்கைத் தொழில் நுட்ப மாற்றம் என்ற தலைப்பில் சேர்த்தார். அந்தத் தலைப்பு ஒரு பெரிய கோணிப்பை. அதற்குள் புதிய முறைகள், படிப்பு, கைத்திறன், வேலையை ஒழுங்கு செய்யும் விதம் எல்லாம் கிடக்கின்றன. இந்தத் துறை ஆராய்ச்சிக்காக 1987-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தோழர்களே, அந்தக் கோணிப்பைக்குள் நாம் கையை விட்டுத் துழாவினாலும் 'கூலிக் குறைப்பு' என்ற ஒன்று அகப்படாது. அந்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிலாளியின் கூலி உயர்ந்தது; உற்பத்தியும் உயர்ந்தது.

கொங்குச் சீமை எப்படி வளர்ந்தது?

நம் ஊருக்கு வருவோம். கொங்கு நாடு மழை குறைந்த பூமி. கிணறு வெட்டி, ஏற்றம் இறைத்து, கம்பும் சோளமும் பருத்தியும் விளைவித்த மண். கோவையில் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை 1888-ல் தொடங்கியது. ஆனால் ஆலைகள் சரசரவென்று முளைத்தது 1930-களில்தான். காரணம் என்ன? நீலகிரியில் பைக்காரா மின் திட்டம். சென்னை சர்க்கார் பொதுப் பணத்தைப் போட்டு நிறைவேற்றிய திட்டம் அது. அந்த மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் சமவெளிக்கு இறங்கி வந்தது. ஆலையில் கதிர் சுற்றியது. தோட்டத்தில் பம்பு செட் ஓடியது. பம்பு செட் செய்ய வார்ப்படப் பட்டறைகள் எழுந்தன.

திருப்பூரில் பனியன் நெய்வது 1920-களிலேயே தொடங்கிவிட்டது. ஏற்றுமதி 1970-களில் சூடு பிடித்தது. 1985-ல் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய். இடையில் ரூபாயின் மதிப்பு தேய்ந்ததைக் கழித்துப் பார்த்தாலும் இது பிரம்மாண்டமான வளர்ச்சிதான்.

குறைந்த கூலிதான் இதற்குக் காரணம் என்றால், ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். கூலி இதைவிடக் குறைவாக இருந்த ஜில்லாக்கள் தமிழ்நாட்டிலேயே எத்தனை? வட இந்தியாவில் எத்தனை? அங்கெல்லாம் ஏன் திருப்பூர் முளைக்கவில்லை? பட்டினி கிடப்பவன் எங்கும் இருக்கிறான். பருத்தி, மின்சாரம், நூற்பாலை, வார்ப்படம், சாயம், தலைமுறையாக வந்த கைத்திறன் ஆகிய அத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்தது இங்கேதான்.

மூலதனம் யாரிடம் போகிறது?

சந்தைக்கு அறிவு உண்டு, திறமைசாலியைத் தேடிப் பணம் தானாகப் போகும் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்ற இருவர் இதைத் திருப்பூரில் சோதித்துப் பார்த்து 2004-ல் வெளியிட்டார்கள். பானர்ஜிதான் பின்னர் 2019-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

அவர்கள் ஏற்றுமதிக் கம்பெனிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள்: உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தாரின் கம்பெனிகள், வெளியூரிலிருந்து வந்தவர்களின் கம்பெனிகள். வெளியூர்க்காரர்கள் சிறிய அளவில் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் ஏற்றுமதி வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்களை முந்தியது. அப்போதும் இயந்திர மூலதனம் யாரிடம் அதிகம் இருந்தது? உள்ளூர்க்காரர்களிடம்தான். ஏன்? விவசாயத்தில் மிஞ்சிய பணம் சொந்தபந்தத்துக்குள்ளேயே சுற்றியது. உறவுக்காரனுக்குச் சுலபமாகக் கிடைத்தது; வெளியானுக்குக் கிடைக்கவில்லை. வளர்ச்சிக்குத் தடை தொழிலாளியின் கூலி அல்ல, மூலதனம் முடங்கிக் கிடந்த விதம் என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

சரத் சாரி என்பவர் திருப்பூரில் தங்கி, முதலாளிகளையும் தொழிலாளிகளையும் விசாரித்து, அதே 2004-ல் ஒரு நூல் வெளியிட்டார். முதலாளிகள் பலர் அவரிடம், "உழைத்து முன்னுக்கு வந்தோம்" என்றார்கள். அது வெறும் பொய் அல்ல. காட்டிலும் கம்பெனியிலும் பாடுபட்டு மேலே வந்தவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் சாரி இன்னொன்றையும் கண்டார். தோட்டத்தில் தானும் கூட நின்று பண்ணையாளை வேலை வாங்கிய அதே முறை கம்பெனிக்குள்ளும் வந்தது. உழைப்பு ஒரு பகுதி ஆண்களுக்கு முதலாளியாகும் ஏணியாயிற்று. பெண்ணும் தாழ்த்தப்பட்டவரும் அதே உழைப்பை உழைத்தார்கள். அவர்களுக்கு ஏணி கிடைக்கவில்லை. சங்கம் வலுத்தபோது பெரிய கம்பெனிகள் சிறு சிறு பட்டறைகளாகச் சிதறி, வேலை ஜாப் ஒர்க்காகப் போயிற்று. அப்படிச் சிதறிய தொழிலாளர்கள்தான் 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஏற்றுமதியின் பெரிய எழுச்சி அதற்குப் பிறகுதான் வந்தது. பஞ்சப்படிப் போராட்டம் தொழிலை அழித்துவிடவில்லை.

பதின்மூன்றரையும் அரையும்

இப்போது நீங்கள் குறித்து வைத்துக் கொள்ள வேண்டிய ஒரு கணக்கு. பெங்களூர் உடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களிடையே அத்வர்யு, காலா, நிஷாதம் என்ற மூவர் ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து, பேச்சுத் திறன், நேரத்தைத் திட்டமிடுதல் போன்றவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. பிறகு இரு பிரிவையும் ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்ற பெண்களின் உற்பத்தித் திறன் 13.5 சதவிகிதம் கூடியிருந்தது.

கூலி எவ்வளவு கூடியது? 0.5 சதவிகிதம்!

பதின்மூன்றரை எங்கே, அரை எங்கே? இடையில் உள்ள பதின்மூன்று எங்கே போயிற்று? ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்கள், கம்பெனிக்குப் பெரும் லாபம் கிடைத்தது என்று. திறமை உயர்ந்தால் கூலி தானாக உயரும் என்ற பாடத்தை அவர்கள் கணக்கே தள்ளிவிட்டது. மார்க்ஸ் உபரி என்று சொன்னதை, அவரைப் படிக்காத ஒரு பெண் தொழிலாளியும் இந்த இரண்டு எண்களில் புரிந்து கொள்வாள். தானாக வராததைப் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். பேரம் பேசச் சங்கம் வேண்டும்.

சந்தை எதனால் வருகிறது, போகிறது?

"எல்லாம் சரி, வெளிநாட்டான் மலிவான இடத்துக்குப் போவானே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

உலகில் மிக அதிகமாக உடை ஏற்றுமதி செய்யும் நாடு எது? சீனா. அங்கே கூலி நம் கூலியைவிட எவ்வளவோ அதிகம். நூல், துணி, பொத்தான், ஜிப்பு, துறைமுகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும், சொன்ன தேதிக்குச் சரக்கு போய்ச் சேர்வதும் அதன் பலம்.

வங்க தேசத்தில் கூலி நம்மைவிடக் குறைவு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் சரக்கு ஐரோப்பாவுக்குள் வரி இல்லாமல் நுழைந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிகவும் பின்தங்கிய நாடு என்ற முறையில் அதற்குக் கிடைத்த சலுகை அது. நம் சரக்கு வரி கட்டி நுழைய வேண்டியிருந்தது. மேலும், 2023 டிசம்பரில் அங்கே உடைத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி 8,000 டாக்காவிலிருந்து 12,500 டாக்காவாக உயர்ந்தது. தெருவில் இறங்கிப் போராடி, உயிர்களைப் பலி கொடுத்துப் பெற்ற உயர்வு. அதனால் அங்கே தொழில் மறைந்துவிடவில்லை.

உடைச் சந்தை என்றும் வெறும் சந்தையாக இருந்ததில்லை. 1974 முதல் 2004 வரை எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று கோட்டா வைத்து அளந்தார்கள். 2005 ஜனவரி முதல் தேதி கோட்டா போயிற்று. அடுத்து வரிகள் அந்த இடத்தைப் பிடித்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக 2025-ம் ஆண்டைப் பாருங்கள். ஆகஸ்ட் 27-ம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது போட்ட கூடுதல் வரி 50 சதவிகிதமாயிற்று. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆர்டர்கள் நின்றன, தள்ளுபடி கொடு என்று வெளிநாட்டு வியாபாரிகள் நெருக்கினார்கள். தோழர்களே, அந்த ஆகஸ்டில் நம் டெய்லரின் கூலி ஒரு பைசாவாவது கூடியதா? கைமடிப் பெண்ணின் கூலி கூடியதா? இல்லை. ஆனாலும் ஆர்டர் நின்றது. சந்தையைக் கெடுப்பது தொழிலாளியின் கூலிதான் என்ற வாதத்தை வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து பொய்யாக்கிவிட்டது.

கணக்கில் வராத செலவு

ஏற்றுமதிக் கணக்கில் ஒரு நதி எழுதப்படவில்லை. நொய்யலைத் தடுத்துப் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டப்பட்டது. சில ஆண்டுகளில் அது சாயக் கழிவின் தேக்கமாயிற்று. கிணறுகள் உப்பாயின, காடுகள் தரிசாயின. ஊர்க் குடியானவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அன்றும் "தொழில் அழிந்தது" என்றார்கள். அடி விழுந்தது உண்மை. பல சிறு பட்டறைகள் மீளவே இல்லை. ஆனால் கழிவைச் சுத்திகரித்து நீரைத் திரும்பப் பயன்படுத்தும் நிலையங்கள் வந்தன. ஏற்றுமதியும் பின்னர் உயர்ந்தது. அத்தனை காலமும் மலிவு விலையின் ஒரு பகுதியைச் சென்னிமலைப் பக்கத்துக் குடியானவன் தன் கிணற்றைக் கொடுத்து ஈடு செய்திருக்கிறான்.

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். இந்த வளர்ச்சியால் உழைப்பாளிக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பது சரியல்ல. ஜூடித் ஹேயர் என்ற அம்மையார் 1981-82 முதல் கோவைப் பகுதிக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தவர். பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்தவர்களின் வாழ்வு மாறியதை அவர் பதிவு செய்தார். அதற்குத் தொழில் வளர்ச்சி மட்டுமின்றி ரேஷன் அரிசி, பள்ளிச் சாப்பாடு போன்ற பொதுத் திட்டங்களும் காரணம் என்று காட்டினார். கார்ஸ்வெல், டி நீவ் என்ற இருவர் கண்டது இதன் மறுபக்கம். பனியன் கம்பெனிக்குப் போக முடிந்த தாழ்த்தப்பட்டவர்கள் ஓரளவு விடுபட்டார்கள். விசைத்தறிப் பக்கத்துக் கிராமத்தில் முன்பணம் வாங்கியவர்கள், பாக்கி தீராமல் தறிக்கே கட்டுண்டார்கள். வளர்ச்சி எல்லார் வீட்டுக் கதவையும் ஒரே மாதிரி தட்டுவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். அதனால்தானோ என்னவோ, உழைப்பவன் கணக்குப் பார்க்காமலே பழகிவிட்டான். இனி பார்க்க வேண்டும்.

அடுத்த கூலிப் பேச்சுக்கு நாம் கோரிக்கை மனுவோடு மட்டும் போகக் கூடாது. ஒரு பீஸுக்குத் தையல் கூலி எவ்வளவு, கட்டிங், செக்கிங், அயர்னிங் எவ்வளவு, அதே பீஸ் வெளிநாட்டுக் கடையில் என்ன விலை என்று கம்பெனிவாரியாக எழுதி வையுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சிப்டில் எத்தனை பீஸ் வந்தது, இப்போது எத்தனை வருகிறது என்று எழுதுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களை இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கும் கூலிதான் நாளை நம் கூலியாகும். ஜாப் ஒர்க் பட்டறைக்காரரிடமும் பேசுங்கள். மேலிருந்து விலையைக் குறைக்கும்போது முதலில் நசுங்குவது அவர்; அவர் திரும்பி நசுக்குவது நம்மை.

"கூலியை ஏற்றினால் தொழில் போய்விடும்" என்று இனி யாராவது சொன்னால் கோபப்பட வேண்டாம். 1984-க்குப் பிறகு தொழில் போயிற்றா, 2011-க்குப் பிறகு போயிற்றா, 2025-ல் ஆர்டரை நிறுத்தியது யார் என்று கேளுங்கள். பதின்மூன்றரைக்கும் அரைக்கும் நடுவில் உள்ள பதின்மூன்று யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லட்டும். அதற்குப் பிறகு கூலியைப் பற்றிப் பேசுவோம்.