அமில வீச்சும் இழப்பீட்டு உரிமையும்

குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தவுடன் நீதி நிறைவடைந்துவிடுகிறது என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவினாலும், அமில வீச்சுக்கு ஆளானவர்களின் வாழ்க்கை அக்கருத்தின் குறைபாட்டைத் தெளிவாக உணர்த்துகிறது. தோலையும் கண்ணையும் அரித்துவிடும் அக்காயத்துக்குப் பல ஆண்டுகள் நீளும் அறுவை சிகிச்சைகள் தேவைப்படுவதால், பாதிக்கப்பட்டவர் வேலையை இழப்பதும், குடும்பம் கடனில் ஆழ்வதும் ஒன்றையொன்று தொடர்கின்றன; இத்தாக்குதல் எழுப்பும் அச்சம் ஊர்ப் பெண்களின் நடமாட்டத்தையும் முடக்குகிறது.

இதனைக் கருத்தில் கொண்டே, 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் சில்லறை அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்ததோடு, பாதிக்கப்பட்டவருக்கு மாநில அரசு குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்றும், அதில் 1 லட்சத்தை 15 நாட்களுக்குள் அளிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. தனியார் மருத்துவமனைகள் உட்பட அனைத்து மருத்துவமனைகளும் கட்டணமின்றி உடனடிச் சிகிச்சை அளிப்பது சட்டப்படியான கடமையாகும்.

குற்றவாளி அடையாளம் காணப்படாத நிலையிலும், இலவசச் சட்ட உதவி வழங்கும் அமைப்பாகிய மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கோரலாம். இவ்வுரிமைகளை அறிந்து, உரியவருக்கு எடுத்துரைத்து, அவருக்குக் கல்வியிலும் பணியிலும் மீண்டும் இடமளிப்பது சமூகத்தின் நீங்காத பொறுப்பாகும்.